தோட்டக்கலை: உயர்ந்தது விளைச்சல், உயரவில்லை பட்டயத்தின் மதிப்பு

புது தில்லி: தலைநகரின் லோதி தோட்டத்தைப் பராமரிப்பது புது தில்லி மாநகராட்சிக் கவுன்சிலின் தோட்டக்கலைத் துறை. மத்திய அரசுக் கட்டடங்களின் தோட்டங்களுக்கு மத்தியப் பொதுப்பணித் துறையில் தனிப் பிரிவு உள்ளது. இத்தகைய துறைகளில் கடைநிலையில் "மாலி" எனப்படும் தோட்டத் தொழிலாளர். அவருக்கு மேல் பட்டதாரி அலுவலர். ஓரிரு ஆண்டுகள் படித்துத் தொழில் பழகிய பட்டயதாரருக்கு இவ்விருவருக்கும் இடையே உரிய இடம் தெளிவாக வகுக்கப்படவில்லை.

இந்த இடைவெளி தில்லிப் பூங்காக்களோடு முடிவதன்று. 2012-13-ஆம் ஆண்டில் நாட்டின் தோட்டக்கலை விளைச்சல் முதன்முறையாக உணவு தானிய விளைச்சலை விஞ்சியது. 2022-23-இல் தானியங்கள் சுமார் 33 கோடி டன். பழம், காய்கறி, பூ, நறுமணப் பயிர்கள் உள்ளிட்ட தோட்டக்கலை விளைபொருள்கள் சுமார் 35.5 கோடி டன். பழம், காய்கறி உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கே.

ஆனால், தானியத்தைப் போலத் தக்காளி கிடங்கில் காத்திருக்காது. ஒட்டுக்கன்று உருவாக்குதல், சொட்டு நீர்ப் பாசனம், பசுமைக் குடில் பராமரிப்பு, தரம் பிரித்தல், குளிர்பதனம் என ஒவ்வொரு கட்டத்திலும் பயிற்சி பெற்ற கை தேவை.

பழைய யோசனை, புதிய பாதை

பள்ளிப் படிப்புக்குப் பிந்தைய வேளாண் தொழிற்பயிற்சிக்கெனத் தனி பாலிடெக்னிக்குகள் வேண்டும் என்று 1964-66-ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது. ஆந்திரத்தின் டாக்டர் ஒய்.எஸ்.ஆர். தோட்டக்கலைப் பல்கலைக்கழகம், குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் போன்றவை அவ்வழியில் தோட்டக்கலைப் பட்டயப் படிப்புகளைத் தொடங்கின. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை வழங்குகிறது.

மற்றொரு பாதை சமுதாயக் கல்லூரி. அமெரிக்க முன்மாதிரியைத் தழுவிய இம்முறை இந்தியாவில் 1995-இல் புதுச்சேரியிலும், 1996-இல் சென்னையிலும் தொடங்கியது. 2013-14-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இதை நாடு தழுவிய திட்டமாக்கியது. பிளஸ் டூ தேர்ச்சி போதும்; வயது வரம்பு இல்லை. பாடத்தில் 60 சதவீதம் தொழில் திறன், 40 சதவீதம் பொதுக் கல்வி. தொழிற்கூடங்களிலேயே நேரடிப் பயிற்சியும் உண்டு. ஓராண்டில் பட்டயம், இரண்டாண்டில் உயர் பட்டயம், விரும்புவோர் மூன்றாண்டு தொழிற்கல்விப் பட்டம் (பி.வோக்.) வரை தொடரலாம் என்பது யுஜிசி வகுத்த ஏற்பாடு.

வேலை எங்கே?

தனியார் துறையில் நாற்றங்கால்கள், பசுமைக் குடில் பண்ணைகள், விதை நிறுவனங்கள், பூங்கா அமைப்போர், குளிர்பதனக் கிடங்குகள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. நச்சுயிரி தாக்காத கன்றுகளை உருவாக்க ரூ.1,765.67 கோடியில் "தூய கன்று" திட்டத்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பயன் உழவரைச் சேர வேண்டுமானால், திறன் மிக்க நாற்றங்கால் பணியாளர்கள் இன்றியமையாதவர்கள்.

அரசுப் பணியின் நிலை வேறு. தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்குப் பொதுவாகப் பட்டமே கோரப்படுகிறது. சுயதொழிலிலும் சிக்கல் உள்ளது. 2002-இல் தொடங்கப்பட்ட வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டம் பயிற்சியுடன், வங்கிக் கடனுக்கு 36 சதவீத மானியமும், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 44 சதவீத மானியமும் வகுத்தது. ஆனால், மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் மாநிலத் துறைகளும் வழங்கும் பட்டயங்களே அதில் நேரடியாக ஏற்கப்பட்டன; பிற அமைப்புகளின் பட்டயத்துக்கு மாநில அரசின் பரிந்துரையும், மத்திய வேளாண் துறையின் ஒப்புதலும் வேண்டும். படித்தது ஒன்றாயினும், சான்றிதழில் யாருடைய முத்திரை என்பதே தகுதியைத் தீர்மானித்தது.

யார் பொறுப்பு?

அரசமைப்புச் சட்டப்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வியோ 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில் உள்ளது. மத்தியிலோ, படிப்பு கல்வி அமைச்சகத்திடம். திறன் தரநிலை திறன் மேம்பாட்டு அமைச்சகத்திடம். தோட்டக்கலைத் திட்டங்கள் வேளாண் அமைச்சகத்திடம். பணி நியமன விதியை அந்தந்தத் துறையே வகுக்கிறது. இவற்றை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுக்களும் மூன்று.

ஆகவே, சேர விரும்பும் மாணவர் மூன்றைக் கேட்டறிவது நலம்: பட்டயத்தை வழங்கும் அமைப்பு எது, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அதன் படிநிலை என்ன, நேரடிப் பயிற்சி தரும் நிறுவனம் எது?

நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அரசே வகுத்த படிப்பை அரசின் பணி நியமன விதிகள் ஏன் ஏற்கவில்லை? அதற்கு விடை தேட வேண்டியவர் மாணவர் அல்லர். அம்மூன்று குழுக்களிலும் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே.