'மேயர்': ஒரு சொல், இரு பொருள்

சொல்லின் வடிவம் மாறாதிருக்க, அதன் பொருள் மட்டும் மாறிவிடுவதை மொழி வரலாற்றில் பலகாலும் காண்கிறோம். பினாங்கில் வழங்கும் 'மேயர்' என்னும் சொல் அதற்குத் தக்க சான்றாகும்.

1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதன் தொடக்ககால மேயர்களுள் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். இன்று ஜார்ஜ் டவுனில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைத் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர்கள், மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள். எனவே அன்று 'மேயர்' என்றால் மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பது பொருள்.

அம்மன்றத்தின் கையில் மின்சாரம், குடிநீர், பேருந்து மூன்றும் இருந்தன. அதன் டிராலி பஸ்கள் 1961 வரை ஓடின. 1960களின் தொடக்கத்தில் சிந்த்ரா தெருவை ஒட்டி, 'பீப்பிள்ஸ் கோர்ட்' என்னும் மலிவு விலை அடுக்குமாடியையும் மன்றமே கட்டியது. அது நகரின் நடுவே அமைந்தது என்பது கருதத்தக்கது. வேலையிடத்துக்கு அருகில் வீடு அமைந்தால் பேருந்துச் செலவு குறையும். தொலைவில் அமைந்தால் கூடும். ஆகவே வீடமைப்பு, போக்குவரத்து, நகரத் திட்டம் ஆகிய மூன்றும் ஒரே கொள்கையின் மூன்று முகங்களே.

1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றை முற்றாக நீக்கியது. அவற்றை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012இல் இயற்றிய சட்டம், 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை. 2015இல் பினாங்குத் தீவிலும் 2019இல் செபராங் பிறையிலும் மாநகர் மன்றங்கள் அமைந்தபோது 'மேயர்' என்னும் சொல் மீண்டது. ஆயினும் இன்றைய மேயரை நியமிப்பது மாநில அரசு. பேருந்துகளோ 2007 முதல் ரேபிட் பினாங்கு நிறுவனத்தின் பொறுப்பில் ஓடுகின்றன. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது ஓரிடம்; அங்குக் குடியேறுவோர்க்குப் பேருந்து விடுவது வேறிடம்.

இப்பிரிவு நம் சிம்பாங் அம்பாட் வட்டாரத்துக்கும் உரியது. 2014இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபின், அண்டையிலுள்ள பத்து காவானில் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகி வருகின்றன. ஆசிரியர்கள் மாணவர்க்கு ஒரு பயிற்சி தரலாம்: 'எங்கள் குடியிருப்புக்குப் பேருந்து வேண்டும்' என்று ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதச் செய்க. 'பெறுநர்' என்னும் இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று மாணவர் தயங்குவர். அத்தயக்கத்திற்குக் காரணம் தேடும்போது, ஒரு சொல் இழந்த பொருளை அவர்கள் உணர்வர்.