கண்ணாடி போட்ட நாய்!

1903-ம் ஆண்டு. அமெரிக்காவில் நல்ல ரோடுகள் குறைவு. "காரிலேயே நாட்டைக் கடப்பேன்" என்று டாக்டர் ஜாக்சன் 50 டாலர் பந்தயம் கட்டினார்.

மேற்குக் கடற்கரை நகரான சான்பிரான்சிஸ்கோவில் இருந்து மெக்கானிக் குரோக்கருடன் புறப்பட்டார். மலையையும் காட்டையும் கடந்தார்கள். வழியில், ஐடகோ மாநிலத்தில் "பட்" என்ற நாயும் சேர்ந்து கொண்டது.

அந்தக் காருக்கு முன்பக்கக் கண்ணாடி கிடையாது. புழுதி பறந்து நாயின் கண்ணை வாட்டியது.

ஜாக்சன் என்ன செய்தார் தெரியுமா? தம்மைப் போலவே நாய்க்கும் கண்ணாடி மாட்டிவிட்டார்!

63 நாட்களுக்குப் பிறகு நியூயார்க் வந்தது! காரில் அமெரிக்காவைக் கடந்த முதல் மனிதர்கள் அவர்கள்தான்.

பிறகு, சாம்பிளேன் ஏரிக்கரையில் உள்ள பர்லிங்டனில், ஜாக்சன் வீட்டில் "பட்" செல்லமாக வளர்ந்தது.

நாயுடன் பயணம் போகிறீர்களா? அதன் தாகத்தையும் களைப்பையும் கவனியுங்கள். வாயில்லா ஜீவன் கேட்காது. நாம்தான் பார்க்க வேண்டும்!