அழாத குழந்தைக்கு ஊதுகுழல்

விறகடுப்பு பற்றாமல் புகைந்தால் பாட்டி என்ன செய்வார்? ஈர விறகை உருவிப் போடுவார். சாம்பலைத் தள்ளிக் காற்றுக்கு வழி விடுவார். பிறகுதான் ஊதுகுழலை எடுத்து, தணல் சிதறாமல் விட்டு விட்டு ஊதுவார். பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையை மீட்பதும் இதே வரிசையில்தான்.

கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான். ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியே வந்துவிடும். பிறந்தவுடன் அந்த நீர் விலகிக் காற்று நுழைய வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் அழுதே அதைச் சாதித்துவிடுகின்றன. சுமார் 100-இல் 5 குழந்தைகளுக்கு நாம் காற்றைச் செலுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் ஈரம். வெதுவெதுப்பான துணியால் துடைத்து, நனைந்த துணியை உடனே அகற்ற வேண்டும். ஈர உடம்பு மளமளவென்று குளிர்ந்துவிடும். துடைக்கும்போதே முதுகை வருடினால் பல குழந்தைகள் அழுதுவிடும். தலைகீழாகத் தூக்கி அறைவது தவறு, ஆபத்தும்கூட.

அடுத்தது வழி. கழுத்து மடங்கினாலும், அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்தாலும் மூச்சுக்குழாய் அடைபடும். இரண்டுக்கும் நடுவில், இலேசாக நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அப்படியும் மூச்சு வராவிட்டால், பிறந்த 1 நிமிடத்துக்குள் ஊதத் தொடங்கியாக வேண்டும். குழந்தையின் நிலையை மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. இங்கே ஊதுகுழல் என்பது மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியும், அதோடு இணைந்த, கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் ஆம்பு பையும்தான். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை, மார்பு இலேசாக எழும் அளவுக்கு மட்டும். பலமாக அமுக்கினால் பிஞ்சு நுரையீரல் கிழிந்துபோகலாம். மார்பு எழவில்லையா? பெரும்பாலும் முகமூடியின் ஓரத்தில் காற்று கசியும், அல்லது கழுத்தின் நிலை மாறியிருக்கும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் சாதாரணக் காற்றே போதும்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் முதலில் நிற்கிறது. பச்சிளங்குழந்தைக்கோ மூச்சு இல்லாததால்தான் இதயம் தளர்கிறது. காற்று சேர்ந்தால் துடிப்பு பெரும்பாலும் தானே ஏறும். அரை நிமிடம் சரியாகக் காற்று போயும் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தால் மட்டுமே மார்பை அழுத்துவார்கள்: 3 அழுத்தம், 1 மூச்சு.

எந்தக் குழந்தைக்கு இது தேவைப்படும் என்பதை எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. ஆகவே பிரசவத்துக்கு இடம் பார்க்கும்போது, ஆம்பு பை பிடிக்கப் பயிற்சி பெற்றவர் அந்த நேரத்தில் அறையில் இருப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள்.