தென்புறத்து ஏரிகள் – 9: கட்டடம் வேண்டாம், கரை போதும்

பல்லாவரம் பெரிய ஏரியை 200 அடி ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்துகொண்டு போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். சாலையும் குப்பையும் மட்டுமே ஏரியைத் தின்னும் என்பதில்லை. அழகுபடுத்தல் என்ற பெயரிலும் ஏரி சுருங்கும். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, குரோம்பேட்டை, சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று தனித்தனி நிர்வாகங்களின் கீழ் இருந்த பகுதிகள் ஒரே கூரைக்குள் வந்தன. ஏரிச் சீரமைப்பு என்றால் நடைபாதை, விளக்குக் கம்பம், சிறுவர் பூங்கா என்று பட்டியல் நீள்வது இங்கே வழக்கம். அந்தப் பட்டியலில் திறந்தவெளி இசை அரங்கமும் இடம்பெறலாமா என்பதே இந்த வாரக் கேள்வி. இடம்பெறலாம், இடம்பெறவும் வேண்டும். பாட்டுக் கேட்க மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் ரயிலேறிப் பழகிய புறநகர் இது; கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த அரங்கம் கட்டடமாக எழக்கூடாது. எத்தனை பேர் உட்காரலாம் என்பதை இடத்தின் பரப்பும் தீர்மானிக்கக்கூடாது, வந்தவர்கள் எவ்வளவு விரைவில் பத்திரமாக வெளியேற முடியும் என்பதே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கான முதல் சான்று நம் மாநகரக் காவல் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூரை ஒட்டிய திடலில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்ட் 12 அன்று நடக்கவேண்டியது, மழையால் தள்ளிப்போனது. பாட்டில் குறையில்லை, இடத்திலும் பஞ்சமில்லை. ஆனால் ரயில் பாதையே இல்லாத ஒரே சாலையை நம்பி அத்தனை கூட்டமும் வந்தது. டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள், ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார், தாம்பரம் காவல்துறை விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசக் காட்சி. அங்கே ரயில் உண்டு, பேருந்து உண்டு, உலகின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்ற பெருமையும் உண்டு. ஆனாலும் உச்சி வெயிலில் திரண்ட லட்சக்கணக்கானோரை அந்த வசதிகளால் தாங்க முடியவில்லை. 5 பேர் உயிரிழந்தார்கள். நீர்க்கரையில் ஒரு பக்கம் தண்ணீர். கூட்டம் கலைய மற்ற பக்கங்கள்தான் மிச்சம். நகரத்தின் நடுவே உள்ள மைதானத்துக்கு நான்கு திசையிலும் வாசல் வைக்கலாம், கரைக்கு அது முடியாது. ஆகவே நீரருகே கூடும் அரங்கம் இயல்பிலேயே சிறியதாக இருந்தாக வேண்டும்.

சிறியது என்றால் மட்டமானது என்று பொருளில்லை. சிங்கப்பூர் மரினா விரிகுடாவின் கரையில் 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்க வளாகத்தைப் பாருங்கள். பணத்துக்கும் பொறியியலுக்கும் குறைவில்லாத அந்த நகரம் அங்கே அமைத்த திறந்தவெளி அரங்கில் இருக்கைகள் சுமார் 450 மட்டுமே. மேடைக்குப் பின்னால் விரிகுடா, நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, ரயில் நிலையங்களிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அவ்வளவு தூரம் போகாமலும் சான்று காட்டலாம். திருவையாற்றில் காவிரிக்கரையில் ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குப் பந்தல் போடுகிறார்கள், முடிந்ததும் பிரிக்கிறார்கள். சமாதியில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். விழாவின் அரங்கமோ இன்றுவரை பந்தல்தான். பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழாவில், மீனவர் குடியிருப்பிலேயே மேடை போட்டுப் பறையாட்டமும் கர்நாடக இசையும் ஒன்றாக ஒலித்தன. இதற்கு மாறாக, மெரினா மணலில் நிரந்தரமாக எழுப்பிய சீரணி அரங்கம் பல பெருங்கூட்டங்களைக் கண்ட பிறகும் 2003-இல் இடிக்கப்பட்டது. கரையில் கட்டடம் எழுந்தால், அது யாருடையது என்ற வழக்கும் கூடவே எழும். பந்தலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நீர்நிலைக்குள் எதையும் கொண்டுவரக்கூடாது என்பார்கள் சூழல் ஆர்வலர்கள். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த புறநகரில் அதை யாரும் அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் ஏரியின் கரை ஏற்கெனவே அரங்கத்தின் வடிவில்தான் இருக்கிறது. உட்புறச் சரிவு நீரை நோக்கி இறங்குகிறது, அலை அரிக்காமலிருக்க அதில் கல் பதிப்பது பழைய வழக்கம். அந்தச் சரிவின் ஒரு பகுதியை, கரையின் பலத்தையும் கொள்ளளவையும் தொடாமல், படிகளாக அடுக்கினால் இருக்கை தயார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் இறங்கத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் குழாய்ச் சாரத்தின் மேல் பலகை மேடை போடலாம், வெயில் ஏறுமுன் பிரித்துவிடலாம். மழைக்காலத்தில் ஏரி ஏரியாகவே இருக்கும். கலங்கல், மதகு, வரத்துக்கால்வாய் பக்கம் ஒரு நாற்காலிகூடப் போகக்கூடாது என்பது மீறமுடியாத விதியாக இருக்க வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் சத்தம். ஏரிகளைச் சுற்றி வீடுகள் நெருக்கியிருக்கின்றன. இரவில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ந்திருந்தால், ஒலி மேலெழும்பிக் கலையாமல் கீழ்நோக்கி வளைந்து எதிர்க்கரைவரை போகும். நீரும் அதை உறிஞ்சுவதில்லை. எனவே ஸ்பீக்கர்களை ஏரியை நோக்கித் திருப்புவது பெரும் தவறு. மேடை நீருக்கு முதுகு காட்டி நின்று, ஸ்பீக்கர்கள் கரையை நோக்கினால் நிலைமை மாறும்: அமர்ந்திருக்கும் கூட்டமும் மண்கரையும் ஒலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், கரைக்குப் பின்னாலுள்ள வீடுகளுக்கு அதே கரை தடுப்பாகும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவுவரை அரசு விலக்கு தரலாம். ஏரிக்கரை அரங்கத்துக்கு அந்த விலக்கே கேட்கக்கூடாது. மாலையில் தொடங்கி 9 மணிக்குள் முடிக்கலாம். கடைசி ரயிலுக்கு ஓடவும் வேண்டாம்.

இத்தனை சிறிய மேடைக்குப் பெரிய வித்வான்கள் வருவார்களா, வருமானம் வருமா என்று கேட்பவர்களும் உண்டு. வருமானத்துக்காக நடைபாதை போடுகிறோமா? நூலகம் வைக்கிறோமா? புகழ்பெற்றவர்களுக்கு ஊரில் சபாக்கள் இருக்கின்றன. பறை, நாதஸ்வரம், கூத்து, பள்ளிக்கூடத்துச் சேர்ந்திசை ஆகியவற்றுக்குத்தான் புறநகரில் மேடை பற்றாக்குறை. மெய்யான தடை வேறு: கழிவுநீர். நாற்றமடிக்கும் ஏரியின் எதிரே யாரும் ஒரு ராகத்தை முழுதாகக் கேட்கமாட்டார்கள். முதலில் பாதாளச் சாக்கடை, பிறகுதான் பாட்டு என்று சொன்னால் வரிசையை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மக்கள் வந்து உட்காரும் கரையில் இரவோடிரவாகக் கழிவுநீர் லாரியைத் திறந்துவிடுவது கடினம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் எங்கே தொடங்கலாம்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு நீர் போகும் வழியில் இருக்கும், பறவைகள் தங்கும் செம்பாக்கம் ஏரி வேண்டாம். அங்கே இருட்டும் அமைதியும் இருக்கட்டும். பல கோடி ரூபாய் செலவில் சீரமைக்கப்பட்டு, மக்கள் நடந்து பழகிவிட்ட சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரே ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம். சில நூறு பேர், வாகன நிறுத்தம் கிடையாது, குரோம்பேட்டை, சானடோரியம் ரயில் நிலையங்களிலிருந்து நடையாகவோ ஷேர் ஆட்டோவிலோ வருவது. சத்தத்தை எதிர்க்கரையில் அளந்து ஒவ்வொரு வாரமும் வெளியிட வேண்டும். அளவு மீறினால் அடுத்த ஆண்டு பந்தல் போடாமல் விட்டுவிடலாம். கட்டடம் எழுப்பிவிட்டால் இந்த வசதி கிடைக்காது.

அடுத்த வாரம்: நெமிலிச்சேரி ஏரி