மூட்டை எண்ணைச் சொன்னால் வயலைச் சொல்லணும்

தளிப் பக்கம் எங்கள் குழுவில் மானாவாரியாகக் கேழ்வரகு போடுகிறோம். போன தை மாதம் நாற்பது மூட்டையை ஒன்றாகச் சேர்த்து பெங்களூருக்கு அனுப்பினோம். ஒரு மூட்டையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகச் சொன்ன வியாபாரி, "இது யார் காட்டுல வெளஞ்சதுண்ணா?" என்று கேட்டார். எங்களிடம் மூன்று நோட்டு இருந்தது, பதில் இல்லை. ஒரு நோட்டில் 'முனியப்பா' என்று மட்டும் இருந்தது. எங்கள் குழுவில் முனியப்பா இரண்டு பேர்! நாற்பது மூட்டையும் சாதா விலைக்குத்தான் போச்சு.

அதற்குப் பிறகுதான் தரவுத்தளம் என்றால் என்ன என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பயப்பட ஒன்றுமில்லை. செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான எண்ணால் இணைப்பதுதான் அதன் அடிப்படை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் சொன்ன வழி இது.

எங்களுக்கு மூன்று அட்டவணை போதும்:

உழவர்: உழவர் எண், பெயர், ஊர், கைபேசி.
வயல்: வயல் எண், உழவர் எண், சர்வே எண், கடைசியாக ரசாயனம் போட்ட தேதி.
மூட்டை: மூட்டை எண், வயல் எண், அறுவடைத் தேதி, எடை.

மூட்டையைப் பிடித்தால் வயல் தெரியும், வயலைப் பிடித்தால் உழவர் தெரிவார். கைபேசி எண் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். இப்போது அதே கேள்வி வந்தால் ஒரு மூட்டைதான் திரும்பும், முப்பத்தொன்பது தப்பும்.

இந்த அட்டவணைகளைக் காவல் காக்கும் மென்பொருள்தான் தரவுத்தள மேலாண்மை அமைப்பு. விதியைச் சொல்லி வைத்துவிட்டால், இல்லாத வயல் எண்ணை எழுத விடாது. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று பிரித்து வைக்கலாம். மைஎஸ்கியூஎல், லிபர்ஆபிஸ் பேஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நமது பட்டா விவரம் இருக்கும் 'தமிழ்நிலம்', ஏற்றுமதியாகும் இயற்கை விளைபொருளை வயல்வரை பின்தொடரும் அபேடாவின் 'டிரேஸ்நெட்' எல்லாமே தரவுத்தளத்தின் மேல்தான் ஓடுகின்றன.

ஒன்றை மறக்கக் கூடாது. கணினி பொய்யை மெய்யாக்காது. பக்கத்துத் தக்காளித் தோட்டத்து மருந்து காற்றில் வந்ததா என்று வரப்பில் நின்றுதான் பார்க்கணும். பதிவின் நகலையும் வாரம் ஒருமுறை எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள்.

கணினி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். இந்த அறுவடைக்கே ஆளுக்கொரு எண், வயலுக்கொரு எண் கொடுங்கள். களத்திலேயே மூட்டை மேல் வயல் எண்ணை எழுதிவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது.