மலேரியா ஒழிப்பும் மக்களை அணுகிய முறைகளும்

மருந்தின் ஆற்றல் மட்டும் ஒரு நாட்டின் நோயைத் தீர்த்துவிடாது. அம்மருந்து சேர வேண்டிய மக்கள் எவர், அவர் எங்கு உறைகின்றனர், எவர் சொல்லை நம்புகின்றனர் என்பவற்றை ஆராய்ந்து, அவர்க்கேற்ற வழியைத் தெரிதலும் இன்றியமையாததாகும். இலங்கையின் மலேரியா ஒழிப்பு வரலாறு இதற்குத் தக்க சான்று.

1934-35ஆம் ஆண்டுகளில் இந்நோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. பின்னர் வீடுகள்தோறும் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. குருதியுண்ட நுளம்பு வீட்டுச் சுவரிலே தங்கும் இயல்புடையதாதலின் இம்முறை பெரும்பயன் அளித்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரிடமே நோய் காணப்பட்டது. ஆயின், வெற்றி கிட்டியதெனக் கருதி முயற்சி தளர்த்தப்படவே, 1967-68இல் நோய் மீண்டும் பெருகி, இலட்சக்கணக்கானோரைப் பற்றிற்று.

வீட்டை நாடிச் செல்லும் முறை வீட்டில் உறங்குவோர்க்கே பயன்படும். சேனைப் பயிர் காப்போன் இரவிலே காவற்குடிலில் தங்குவான். மாணிக்கக்கல் அகழ்வோன் காட்டிடையே கொட்டில் அமைத்து வாழ்வான். நாட்கூலியை இழந்து தொலைவிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லல் இவர்க்கு எளிதன்று. ஆதலின், நடமாடும் வைத்தியக் குழுக்கள் இத்தகையோர் வாழிடங்களுக்கே சென்று குருதியைச் சோதித்தன; காய்ச்சல் இல்லாதாரும் சோதிக்கப்பட்டனர். மருந்தூட்டிய நுளம்புவலைகளும் வழங்கப்பட்டன. போர் நிகழ்ந்த பகுதிகளிலோ, அவ்வவ்விடத்து மக்களால் அறியப்பட்ட ஊழியரும் தொண்டு நிறுவனங்களும் இப்பணியிற் பங்கேற்றமை பெருந்துணையாயிற்று.

உள்நாட்டிலே தொற்றிய நோய் 2012ஆம் ஆண்டு ஒக்டோபரின் பின் காணப்படாமையால், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதாரத் தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆயினும் நுளம்பு அழிந்திலது. 2018இல், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள ஒருவர்க்கு நோய் தொற்றிற்று. விரைந்து கண்டறியப்பட்டமையால் அது பரவாது தடுக்கப்பட்டது. இன்று நாட வேண்டியோர் பிறநாடு சென்று மீளும் யாத்திரிகர், வணிகர், தொழிலாளர், படைவீரர் முதலியோராவர். இவர்க்குப் பயணத்தின் முன் தடுப்புமருந்து வழங்கலும், மீண்டபின் காய்ச்சல் கண்டால் சென்றுவந்த நாடு எதுவென வைத்தியர் வினாவுதலுமே ஏற்ற வழிகள். நோயைக் கண்டறியாத தலைமுறை வைத்தியருள்ளும் தோன்றிவரும் இக்காலத்தில் அவ்வினா மறக்கப்படுமாயின், 1963இன் பின் நேர்ந்த தவறு மீண்டும் நிகழ இடமுண்டு.