முயல்தீவில் ஒரு பகல்

ஆறு நாள் உழைப்பு, ஏழாம் நாள் ஓய்வு என்பது படைப்பின் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட ஒழுங்கு. ஆயினும் நம் இல்லங்களில் அந்த ஏழாம் நாள் எங்கே போயிற்று? காலையில் திருப்பலி, பின்னர் துணி துவைத்தல், கடைத்தெரு, மாலையில் ஆளுக்கொரு கைப்பேசி. இரவு வந்தால் மறுநாள் வேலையைப் பற்றிய கவலை. ஓய்வு வேண்டுமெனில் கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ போகவேண்டும், அதற்குப் பணமும் விடுப்பும் வேண்டும் என்று எண்ணி, அதையும் தள்ளிப்போட்டு விடுகிறோம்.

இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள விழைந்து, தூத்துக்குடியில் எங்கள் தெருவைச் சேர்ந்த நான்கு குடும்பத்தினர் ஒரு ஞாயிறன்று முயல்தீவுக்குச் சென்று வந்தோம். பெரியவரும் சிறியவருமாகப் பதினேழு பேர். முதல் திருப்பலி முடிந்ததும் வேனில் புறப்பட்டோம். புளிச்சோறு, துவையல், அவித்த முட்டை, இரண்டு கேன் குடிநீர், நிழலுக்கென நான்கு பழைய சேலைகள், பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன். இவ்வளவே எங்கள் மூட்டை.

கரையோடு இணைந்த தீவு

முயல்தீவு இன்று பெயரளவில் மட்டுமே தீவு. முற்காலத்தில் தோணியேறித்தான் அங்கே போகவேண்டும். தூத்துக்குடிக் கரையோரம் கடல் ஆழமற்றது. ஆதலால் பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளைத் தோணிகளே கரை சேர்த்தன. அக்குறை நீங்கப் புதிய துறைமுகம் அமைந்தது. 1974ஆம் ஆண்டில் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகம் வளர வளரத் தீவும் நிலத்தோடு இணைந்துவிட்டது. இன்று அரைமணி நேரத்தில் சாலை வழியாகவே சென்றடையலாம்.

வழியெங்கும் உப்பளங்கள், வெண்குன்றுகளாய் உப்புக் குவியல்கள். அவற்றைக் கடந்து, துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை ஒருபுறம் விட்டுச் சென்றால், கலங்கரை விளக்கமும் மணற்பரப்பும் கண்ணில் படுகின்றன. மரங்கள் மிகுதியாக இல்லை. உடைமரங்களுக்கிடையே சேலைகளைக் கட்டிப் பந்தலாக்கினோம். கிழக்கே திறந்த கடல். மேற்கே குளம்போல் அமைதியான ஆழமற்ற நீர். அதற்கப்பால் மங்கலாகத் தெரியும் எங்கள் நகர். அரைமணித் தொலைவிலிருந்து பார்க்கையில் நம் ஊரும் அதன் சச்சரவுகளும் எத்துணைச் சிறியனவாகத் தோன்றுகின்றன!

பிள்ளைகள் முழங்கால் நீரில் இறங்கினர், சிப்பிகள் பொறுக்கினர், வளைக்குள் ஓடி ஒளியும் நண்டுகளைத் துரத்திக் களைத்தனர். நாங்களோ ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தோம். ஒன்றும் செய்யாமல் இருப்பது இத்துணைக் கடினமா என்று முதல் ஒருமணி நேரம் வியந்தோம். அதன்பின் அது கைவந்துவிட்டது.

அன்று ஓர் அடைக்கலம்

இத்தீவுக்கு நம் மக்களின் வரலாற்றில் ஓர் இடமுண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கரின் அதிகாரிகள் இழைத்த கொடுமை தாளாமல், தூத்துக்குடிப் பரதவர்கள் இயேசு சபைக் குருக்களோடு கடல் கடந்து இங்கே குடியேறினர். அந்நாளில் இதற்கு ராஜ தீவு என்று பெயர். சில ஆண்டுகள் இங்கு வாழ்ந்தபின் அவர்கள் மீண்டும் நகருக்கே திரும்பினர். நாங்கள் சேலைப்பந்தலின் கீழ்ச் சோற்றுப் பொட்டலம் பிரித்த அதே மணலில், நம் முன்னோர் கண்ணீரோடு அடுப்பு மூட்டியிருப்பர் என்று எண்ணியபோது, அந்தச் சோற்றின் சுவையே வேறாக இருந்தது.

"நானும் கல் எடுத்தவன்"

உணவுக்குப்பின், எங்களோடு வந்திருந்த பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். எழுபத்து நான்கு வயதான அவர் இளமையில் சங்கு குளித்தவர். "தாத்தா, நீங்கள் முத்தும் எடுத்தீர்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது, பிள்ளை. அப்போது நான் உன்னைப்போலச் சிறுவன். நான் எடுத்தது சங்கு. சங்கு கிடைக்காத நாளில் கல் எடுத்தேன்" என்றார்.

அவர் கல் என்றது பவளப்பாறையை. சுண்ணாம்புக் காளவாய்களுக்காக அதை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கரைசேர்த்த காலம் ஒன்று இருந்தது. "அது உயிர் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கல்லென்றே நினைத்தோம். வீட்டில் பிள்ளைகள் பசித்திருந்தனர்" என்றார் அவர்.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன்வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாய் அமைந்துள்ளன. அவற்றையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அத்தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன. பாறையை அகற்றினால் அலை நேரே தீவின்மேல் மோதி மணலை அரித்துச் செல்கிறது. தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலங்குசல்லித் தீவு இன்று நீருக்கடியில் கிடக்கிறது. வான்தீவும் வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதைக் காக்கக் கடலடியில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கிச் செயற்கைப் பாறை அமைத்துள்ளனர். 2001ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று அவற்றை உடைத்தெடுப்பது குற்றம்.

இதையெல்லாம் கேட்டிருந்த சிறுவன் ஒருவன், "அப்படியானால் அந்தத் தீவு உங்களாலா முழுகியது, தாத்தா?" என்று கேட்டுவிட்டான். அவனுடைய தாய் அதட்டினாள். பெரியவர் அவளைத் தடுத்தார். நெடுநேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு, "கடல்மட்டம் ஏறுவதும் ஒரு காரணம் என்கிறார்கள், தம்பி. ஆனாலும் என் கையும் அதில் ஒன்று" என்றார். பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே நிற்பதுபோல் நாங்கள் மௌனமானோம்.

கடலைப் பார்த்த கண்கள்

மாலை நெருங்கியது. எங்களோடு வந்தவருள் உப்பளத்தில் கூலிவேலை செய்யும் தாய் ஒருவர் உண்டு. வெயிலில் மின்னும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போனவர். அவர் மட்டும் நீரோரம் தனியே அமர்ந்திருந்தார். ஏதேனும் வருத்தமோ என்று எண்ணி அருகே சென்றோம். "ஒன்றுமில்லை அக்கா. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான். பாத்திக்குப் பாயும் தண்ணீராகத்தான் கடலைத் தெரியும். இப்படி உட்கார்ந்து பார்த்தது இன்றைக்குத்தான்" என்றார்.

இதைவிடப் பெரிய உண்மையை அன்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அன்று கொடுமைக்குத் தப்பியோடியவர்க்கு இடம் தந்த தீவு, இன்று களைத்துப்போன ஒரு தாய்க்குச் சிறிது நேரம் உட்கார இடம் தந்தது. அடைக்கலம் என்பது இதுதானே?

ஆனால் அடைக்கலத்துக்கும் காவல் வேண்டும். காணும் பொங்கலன்று இங்கே திரளும் கூட்டம் அனைவரும் அறிந்ததே. கூட்டம் கலைந்தபின் மணலில் கிடக்கும் நெகிழிப் பைகளையும் தட்டுகளையும் அலை எங்கே கொண்டுசெல்லும்? பவளம் வளரும் அதே கடலுக்குத்தான். ஆகவே புறப்படுமுன் பிள்ளைகளிடம் ஒரு சாக்கைக் கொடுத்தோம். நாங்கள் போட்டதோடு பிறர் போட்டதையும் பொறுக்கிச் சாக்கை நிரப்பினர். குனிய இயலாத முதுகோடு அப்பெரியவரும் அவர்களோடு பொறுக்கினார். வேண்டாமென்று தடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

வேன் வாடகையும் உணவுச் செலவும் நான்கு வீடுகளுக்குப் பகிர்ந்தபோது, எவருக்கும் பாரமாக இல்லை. உங்கள் ஊரருகிலும் ஓர் ஆற்றங்கரையோ, குளக்கரையோ, கடலோரமோ இருக்கும். அடுத்த ஞாயிறன்று அங்கே செல்லுங்கள். செல்லும்போது, எந்நாளும் ஓய்வறியாத ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும்போது, ஒரு சாக்குக் குப்பையையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.